சென்னையிலிருந்து அரிசோனா செல்வோருக்கு: கோடைப் பாலையில் கள்ளிப் பூக்களையும் விலங்குகளையும் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளைகள் ஃபீனிக்ஸிலோ சாண்ட்லரிலோ டூசானிலோ வேலை பார்க்க, கோடை மாதங்களில் அவர்களுடன் தங்குவதற்காகச் சென்னையிலிருந்து புறப்படும் பெற்றோருக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சொனோரா பாலைவனம் அந்த ஊர்களைச் சுற்றி வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது. அதில் நடப்பதற்கு மலையேறும் பயிற்சி தேவையில்லை. ஆனால் செய்ய வேண்டியவற்றைச் சரியான வரிசையில் செய்தாக வேண்டும். நம்மவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் உடல் வலு இல்லாமையால் அன்று. கத்திரி வெயிலைத் தாங்கிய நமக்கு இந்த வெயில் பெரிதில்லை என்ற நம்பிக்கையே அவர்களைத் தவறான நேரத்தில், போதாத தண்ணீருடன் வெளியே அழைத்துச் செல்கிறது.

1. முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

‘கோடை’ என்ற ஒரே சொல்லுக்குள் அங்கே மூன்று வெவ்வேறு பருவங்கள் அடங்கியிருக்கின்றன. எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதை முடிவு செய்த பிறகே நாளைக் குறிக்க வேண்டும்.

ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை சகுவாரோ கள்ளி பூக்கும். கை விரித்து நிற்கும் மனிதரைப் போல் படங்களில் காணும் உயரமான கள்ளி இதுதான். சொனோரா பாலைவனத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. சப்பாத்திக்கள்ளி வகைகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் பூத்து முடிக்கின்றன. ஆகவே பூக்களே முதன்மை நோக்கமென்றால் மே மாதத்தின் பின்பாதியைக் கைவிடாதீர்கள்.

ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு சகுவாரோவில் பழங்கள் வெடிக்கத் தொடங்கும். வெடித்த பழத்தின் உட்புறம் அடர்சிவப்பாக இருப்பதால் புதிதாக வருபவர்கள் அதைச் சிவப்புப் பூவென்று எண்ணிப் படமெடுக்கிறார்கள். சகுவாரோவின் பூ வெண்மையானது. பழக்காலத்தில் பூக்கள் குறைந்தாலும் பறவைகளும் விலங்குகளும் உணவுக்காகக் கூடும். அந்நிலத்தின் பூர்வகுடிகளான தோஹோனோ ஓதாம் மக்கள், காய்ந்த சகுவாரோவின் விலாத்தண்டுகளால் செய்த நீண்ட துறட்டியைக் கொண்டு பழம் பறிப்பதும் இப்பருவத்தில்தான்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். பீப்பாய்க் கள்ளிகள் உச்சியில் வளையமாகப் பூப்பது இப்போதுதான். ஆனால் இடியும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து வருவதால் முதல் நடைக்கு இந்தப் பருவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2. சென்னையிலேயே முடிக்க வேண்டியவை

காலணியை இங்கேயே வாங்கிப் பழகுங்கள். விரல்களை முழுவதும் மூடும், அடிப்பாகம் தடித்த ஷூ வேண்டும். புது ஷூவை அங்கே போய்ப் பிரித்தால் கொப்புளம் நிச்சயம். மெரினாவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ சில வாரம் அதே ஷூவுடனும், முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீருடனும் காலை நடையை முடித்துப் பாருங்கள். எடையைத் தோள் ஏற்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

குடும்ப மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடலிலிருந்து நீரும் உப்பும் ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும். வறண்ட வெயிலில் நடக்கும் நாளில் என்ன செய்வது என்பதை அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு எட்டு வெறுங்காலுடன் நடப்பது நமக்கு இயல்பு. அரிசோனாவின் கோடையில் தாரும் சிமென்ட் தரையும் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு தெரிவதற்கு முன்பே தீக்காயம் ஏற்பட்டுவிடும். கார் நிறுத்தும் இடத்தில்கூட வெறுங்கால் கூடாது.

பெட்டியில் வைக்க வேண்டியவை: மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலங்கள், அகன்ற பற்களுள்ள சீப்பு ஒன்று, நுனி கூரான இடுக்கி, மெல்லிய பருத்தித் துண்டுகள் இரண்டு, குடை, பைனாகுலர், விளிம்பு அகன்ற தொப்பி. சீப்பும் துண்டும் எதற்கென்பது பின்னால் வரும். உடை முழுக்கை வெளிர்நிறப் பருத்தியாக இருக்கட்டும். புடவையும் வேட்டியும் முள்ளில் மாட்டும். சுடிதாரோ பேன்ட்டோ நல்லது.

3. முதல் நாளைக்கு எந்த இடம்

வந்து இறங்கிய மறுநாளே காட்டுப்பாதைக்குப் போகாதீர்கள். முதல் நாளைக்கு வேலியிட்ட, பெயர்ப்பலகையுள்ள இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபீனிக்ஸில் இருப்பவர்களுக்கு 1939இல் தொடங்கப்பட்ட பாலைவனத் தாவரத் தோட்டமும், டூசானில் இருப்பவர்களுக்கு நகருக்கு மேற்கேயுள்ள அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகமும் அதற்கு ஏற்றவை. பின்னதன் பெரும்பகுதி திறந்தவெளியே. உயிருள்ள விலங்குகளை அங்கே பார்க்கலாம். எந்தக் கள்ளி எது என்று இங்கே கண்ணுக்குப் பழகிவிட்டால், பிறகு காட்டுப்பாதையில் எதன் அருகே போகக் கூடாது என்பது தானாகவே தெரியும்.

அடுத்ததாக சகுவாரோ தேசியப் பூங்கா. 1933இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு 1994இல் தேசியப் பூங்காவான இது இரண்டு துண்டுகளாக, நடுவில் டூசான் நகரை வைத்துக்கொண்டு கிழக்கிலும் மேற்கிலும் பிரிந்து கிடக்கிறது. ஒன்றின் முகவரியை வைத்துக்கொண்டு மற்றொன்றுக்குப் போய்ச் சேர்ந்து, விடியற்காலையின் பொன்னான ஒரு மணி நேரத்தைக் காரிலேயே தொலைப்பவர்கள் பலர். மகனோ மகளோ கார் ஓட்டினாலும் எந்தப் பகுதி என்பதை முந்தைய இரவே உறுதிசெய்யுங்கள்.

கிழக்கில் ‘டெசர்ட் ஈகாலஜி’, மேற்கில் ‘டெசர்ட் டிஸ்கவரி’ என்ற இரண்டு பாதைகளும் தளமிட்டவை, குறுகியவை, மூட்டுவலி உள்ளவர்களுக்கும் ஏற்றவை. அவற்றை எளிதாக முடித்தவர்கள் மேற்கிலுள்ள ‘வேலி வியூ’ பாதைக்குப் போகலாம். போய்வர ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர்தான் என்றாலும் இரண்டு வறண்ட ஓடைகளைக் கடந்து மெல்ல மேடேறுகிறது.

4. திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

நம் வீடுகளில் குளித்து, பூஜை முடித்து, டிபன் சாப்பிட்டுப் புறப்பட ஒன்பது மணியாகிவிடும். அங்கே ஒன்பது மணி என்பது நடையை முடித்து வீடு திரும்பியிருக்க வேண்டிய நேரம்.

ஜூன் மாதம் டூசானில் சூரியன் காலை 5.15 மணியளவில் உதிக்கிறது. அந்நேரத்தில் பாதையின் தொடக்கத்தில் நின்றுவிடுங்கள். பூங்கா வாயில் திறக்கும் நேரத்தை முந்தைய நாளே அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். விசிட்டர் சென்டர் அந்நேரத்தில் திறந்திருக்காது என்பதால், தண்ணீரையும் வரைபடத்தையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

விடியலில் எழுவது கடினமென்று அஞ்ச வேண்டாம். அரிசோனா நேரம் சென்னைக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அங்கு கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் ஆண்டு முழுவதும் இதே வித்தியாசம்தான். வந்த புதிதில் அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பலரும் குறைசொல்லும் இந்தத் தூக்கக் குழப்பத்தைப் பாலை நடைக்கு வரமாகவே நான் கருதுகிறேன்.

புறப்படும் முன் ஒரு தாளில் திரும்பும் நேரத்தை எழுதுங்கள். 6.30 என்று எழுதினால், எவ்வளவு தூரம் போயிருந்தாலும், எதிரே எது தெரிந்தாலும், 6.30க்குத் திரும்ப வேண்டும். முடிவை முன்கூட்டியே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறிய பிறகு முதலில் மங்குவது நிதானம். ‘இன்னும் ஒரு வளைவுதானே’ என்ற எண்ணம் அப்போதுதான் வரும். பாதையின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது.

வெப்பநிலை அறிவிப்பு ஃபாரன்ஹீட்டில் இருக்கும். 100 என்பது நம் 38 டிகிரி. 105 என்பது ஏறக்குறைய 41. 110 என்பது 43. அன்றைய உச்சம் 110ஐத் தொடும் என்று அறிவிப்பு வந்தால் அந்நாளின் நடையைக் கைவிடுங்கள். 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள்கள் 110 டிகிரியை எட்டின. அத்தகைய வாரங்களில் இரவிலும் தரை ஆறுவதில்லை என்பதால் விடியலும் காப்பாற்றாது.

5. தண்ணீர்: சென்னைப் பழக்கத்தை மாற்ற வேண்டிய இடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியுமென்றால் இதைப் படியுங்கள்.

சென்னையில் வியர்வை நம்மை எச்சரிக்கிறது. கடற்காற்றின் ஈரத்தில் அது ஆவியாக முடியாமல் சட்டையை நனைக்கிறது, நெற்றியில் வழிகிறது. உடனே நிழலையும் மோரையும் தேடுகிறோம். சொனோராவில் ஜூன் மாதப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் பத்து சதவீதத்தை ஒட்டி இறங்குவது சாதாரணம். அங்கே வியர்வை தோலின்மேல் தங்குவதே இல்லை. சட்டை காய்ந்தே இருக்கிறது, நெற்றி உலர்ந்தே இருக்கிறது. ‘நம்ம ஊர் மாதிரி வேர்க்கவே இல்லையே’ என்று மகிழ்ச்சியோடு சொல்பவர் அதே நேரத்தில் நீரை வேகமாக இழந்துகொண்டிருக்கிறார். முழங்கையிலும் கழுத்திலும் வெண்மையாக உப்புப் பொடி படிந்திருப்பதைத் தொட்டுக் காட்டினால்தான் பலரும் நம்புகிறார்கள்.

ஆகவே தாகத்தையோ வியர்வையையோ அளவாகக் கொள்ளாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறுகள் போதும். வெயிலில் நடக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஆளொன்றுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள். காரில் தனியாக இன்னொரு கேன் இருக்கட்டும். கொண்டுசென்ற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், நேரம் எதுவானாலும், திரும்புங்கள். ஒரு பங்கு திரும்பும் வழிக்கு, மற்றொரு பங்கு எதிர்பாராததற்கு.

வெறும் தண்ணீரை மட்டுமே மிகுதியாகக் குடிப்பதும் தவறு. உப்பை இழந்த உடலில் தண்ணீர் மட்டும் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்த ஓஆர்எஸ் ஒரு புட்டியும், உப்பு சேர்ந்த கொறிப்பு ஏதேனும் ஒன்றும் கையில் இருக்கட்டும். நீரிழிவு உள்ளவர்கள் வெறும் வயிற்றில் புறப்படக் கூடாது. இரண்டு இட்லி போதும்.

பருத்தித் துண்டின் பயன் இங்கேதான். சென்னையில் கழுத்தில் போட்ட ஈரத்துண்டு சிறிது நேரத்தில் வெம்மையாகிவிடும். பாலையின் வறண்ட காற்றில் அதே துண்டு நன்றாகவே குளிர்கிறது, ஏனெனில் அதிலுள்ள நீர் விரைவாக ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காய்ந்ததும் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள்.

6. கால் வைக்கும் இடமும் கை வைக்கும் இடமும்

பாதையின் நடுவில் நடங்கள். ஓரத்தில் ‘சோய்யா’ எனப்படும் கள்ளியின் கணுக்கள் உதிர்ந்து கிடக்கும். தூரத்திலிருந்து பஞ்சு உருண்டை போல் அழகாகத் தெரியும் இந்தச் செடியின் கணு, லேசாக உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும்; ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் பின்னோக்கிய நுண்கொக்கிகள் உண்டு. ஒட்டியதும் எல்லோரும் செய்யும் பிழை, மற்றொரு கையால் பிடித்து இழுப்பது. இப்போது இரண்டு கைகளிலும் முள். அகன்ற பற்களுள்ள சீப்பைக் கணுவுக்கும் தோலுக்கும் இடையில் செருகி, உடலைவிட்டு வெளிப்புறமாக ஒரே வீச்சில் தட்டிவிட வேண்டும். அருகில் யாரும் நிற்காத திசையைப் பார்த்துத் தட்டுங்கள். மிஞ்சிய முட்களை இடுக்கியால் எடுக்கலாம்.

சப்பாத்திக்கள்ளியில் பெரிய முள்ளைவிட அதன் அடியிலுள்ள மயிரிழை போன்ற நுண்முட்களே தொல்லை தருபவை. பழத்தைத் தொட ஆசைப்படும் பேரக்குழந்தைகளை இதற்காகவே நடுவில் நடக்கவிடுங்கள். முன்னும் பின்னும் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

பார்க்காத இடத்தில் கையை வைக்காதீர்கள். பாறை இடுக்கு, சகுவாரோவின் பொந்து, காய்ந்த கட்டையின் அடி ஆகிய எல்லாவற்றுக்கும் குடியிருப்பவர் உண்டு. உட்காரும் முன் நிழலைச் சுற்றிலும் பாருங்கள். அந்த நிழலைப் பாம்பும் நாடும்.

7. பூக்களைப் பார்க்கும் வரிசை

முதலில் சகுவாரோ. அதன் பூ சூரியன் மறைந்த பிறகு மலர்ந்து மறுநாள் பிற்பகலுக்குள் மூடிக்கொள்கிறது. இரவில் மெக்சிகோவிலிருந்து வலசை வரும் நீள்மூக்கு வௌவால்களும், பகலில் வெண்சிறகுப் புறாக்களும் தேனீக்களும் மகரந்தத்தைக் கொண்டுசெல்கின்றன. விடியலில் போனால் பூ முழுமையாக விரிந்திருக்கும். புறாவும் வந்து இறங்கும். பூக்கள் பல மீட்டர் உயரத்தில், தண்டின் உச்சியில் கொத்தாக இருப்பதால் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு ஏமாற்றமே. உறைபனியால் தொய்ந்து கீழே வளைந்த கை ஒன்றையுடைய சகுவாரோவைத் தேடுங்கள். கண்மட்டத்தில் மெழுகு போன்ற வெள்ளை இதழ்களையும், நடுவில் நெருங்கி நிற்கும் எண்ணற்ற மஞ்சள் கேசரங்களையும் பார்க்க அதுவே வழி.

இரண்டாவது சப்பாத்திக்கள்ளி. இதன் மஞ்சள் பூவுக்குள் தேனீ இறங்கும்போது சற்றுப் பொறுமையாக நின்று பாருங்கள். தொடுகையை உணர்ந்த கேசரங்கள் உள்நோக்கி வளைந்து தேனீயின்மேல் கவிகின்றன. மகரந்தம் அதன் முதுகெங்கும் அப்பிக்கொள்கிறது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பூக்கும் சப்பாத்திக்கள்ளியிலும் இதே அசைவைக் காணலாம். அந்த இனமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். புறப்படும் முன்பே இங்கே பார்த்துவிட்டுப் போனால் அங்கே எதைக் கவனிப்பது என்பது தெரிந்திருக்கும்.

சென்னை மாடிகளில் ‘பிரம்ம கமலம்’ என்று தொட்டியில் வளர்த்து, இரவு விழித்திருந்து பார்க்கும் பூவும் கள்ளிக் குடும்பம்தான். அதைப் போலவே ஓர் இரவு மட்டும் மலரும் கள்ளி ஒன்று சொனோராவில் உண்டு. மற்ற நாள்களில் காய்ந்த குச்சி போல் புதருக்குள் மறைந்திருப்பதால் காட்டில் தேடிப் பயனில்லை. டூசானின் தோஹோனோ சுல் தோட்டத்தில் அது பூக்கும் இரவை அறிவித்துப் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். கோடையில் தங்குபவர்கள் அந்த அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

பூவுக்காகப் பாதையைவிட்டு இறங்காதீர்கள். சகுவாரோவின் இளங்கன்றுகள் வேறு மரங்களின் நிழலில், விரல் உயரத்தில் பல ஆண்டுகள் வளர்பவை. உங்கள் காலடியில் மிதிபடுவது அவையாக இருக்கலாம். உதிர்ந்த தண்டையோ கல்லையோ எடுத்துவருவது தேசியப் பூங்காவில் சட்டப்படி குற்றம்.

8. விலங்குகளையும் பறவைகளையும் காண

நடப்பதைவிட நிற்பவருக்கே அதிகம் தெரியும். சகுவாரோவின் உடலில் வட்டத் துளைகளைக் கண்டால் பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். ஹீலா மரங்கொத்தி குடையும் இந்தப் பொந்துகளில், அது விட்டுச்சென்ற பிறகு, உலகிலேயே எடை குறைந்த ஆந்தை இனமான ‘எல்ஃப்’ ஆந்தை முட்டையிடுகிறது. சோய்யாவின் முட்களுக்கு நடுவே பந்து போன்ற கூடு தெரிந்தால் அது அரிசோனாவின் மாநிலப் பறவையான கள்ளிச் சிட்டினுடையது.

காடைகள் குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு பாதையைக் கடக்கும். அவை கடந்து முடியும்வரை அசையாதீர்கள். பன்றியைப் போலிருக்கும் ஹாவெலினாக்களுக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. கூட்டமாக எதிர்ப்பட்டால் வழிவிட்டு ஒதுங்குங்கள், உணவு எதையும் காட்டாதீர்கள்.

பாலை ஆமையைக் கண்டால் கண்டிப்பாகத் தூக்காதீர்கள். வறட்சிக்காகச் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்து வைத்திருக்கும் அது, அச்சத்தில் அந்நீரை வெளியேற்றிவிடும். அடுத்த மழைவரை அதற்கு வேறு நீர் கிடைக்காமல் போகலாம். அன்போடு தூக்கிப் படமெடுத்தவரால் அது இறக்கக்கூடும்.

கிலுகிலுப்பைப் பாம்பு விரியன் குடும்பத்தைச் சேர்ந்தது. எப்போதும் ஒலியெழுப்பி எச்சரிக்கும் என்று நம்பாதீர்கள். கண்டதும் நின்று, மெல்லப் பின்வாங்கி, அகன்ற இடைவெளி விடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, அங்குள்ள அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள்.

9. மழை மேகம் தெரிந்தால்

தலைக்குமேல் வானம் நீலமாக இருந்தாலும் தொலைவிலுள்ள மலையில் பெய்த மழை வறண்ட ஓடையில் வெள்ளமாக இறங்கி வரும். ஓடைக்குள் நின்று படமெடுக்காதீர்கள். நீர் ஓடும் ஓடையைக் காரிலும் கடக்காதீர்கள். இடியோசை கேட்டதும் குடையை மடக்கிக் காருக்குத் திரும்புங்கள். பருவமழையில் புயல்கள் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் உருவாவதால், விடியலில் நடப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு.

10. உடல் தரும் அறிகுறிகள்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, சிடுசிடுப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நடை முடிந்தது என்று பொருள். ‘கார்வரை நடந்துவிடலாம்’ என்று அவசரப்படாமல் நிழலில், சுடும் தரையில் நேரடியாக அமராமல் பையின்மீது உட்கார வைத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, ஓஆர்எஸ்ஸைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பொருத்தமின்றிப் பதில் வந்தாலோ அது வெப்பவாதம். வியர்வை இருக்கிறதா இல்லையா என்று ஆராய வேண்டாம். உடனே 911, உதவி வரும்வரை கையிலுள்ள தண்ணீரை உடல்மீது ஊற்றி விசிறுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். குடும்பத் தலைவர் என்ற மரியாதைக்காக அப்பாவின் தடுமாற்றத்தைச் சுட்டிக்காட்டத் தயங்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அந்தத் தயக்கத்தைப் புறப்படும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். யார் சொன்னாலும் எல்லோரும் திரும்புவது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

11. வீடு திரும்பிய பின்

ஷூவை வாசலிலேயே கழற்றி, அடியில் குத்தியுள்ள முட்களை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். இல்லையெனில் அவை தரைவிரிப்பில் புகுந்து தவழும் குழந்தையின் கையில் ஏறும். மறுமுறை அணியும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுங்கள், ஏனெனில் அரிசோனாவின் மரப்பட்டைத் தேள் இருட்டான இடுக்குகளையே விரும்பும்.

அன்று மாலைவரை சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். அடர்மஞ்சளாக இருந்தால் உப்பிட்ட நீர்மோரும் தண்ணீரும் தொடரட்டும். மறுநாள் காலை நிறம் வெளிறிய பிறகே அடுத்த நடைக்கு நாள் குறியுங்கள்.